ஒன்றேகால் அடி

கடப்பாரை நாலு விரல் போய்
டணங் என்றது.
பக்கத்தில் குத்தினாலும் டணங்.
மூலைக்கு மூலை பார்த்துவிட்டுத்
திம்மராயன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:
"நாம வாங்கினது மனை இல்ல கெம்பா,
மலையோட உச்சந்தலை."

பர்கூரில் எங்கள் தெருவுக்கே இந்தக் கதைதான்,
பாறைமேல் விரித்த பாய்.
தோண்ட முடியாவிட்டால் என்ன, ஏற்று
என்றாள் ஷம்ஷாத்,
காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்து.
மொட்டைமாடியில் பாலக் வளர்ப்பவள்.
ஏற்றுவது பற்றி அவளுக்குத் தெரியும்.

அவன் வேலை கிரானைட் பாலிஷ் பட்டறையில்.
ஓரம் போனது, நரம்பு ஓடியது
எல்லாம் பின்பக்கம் குவிந்து கிடக்கும்.
முதலாளி தலையசைத்தார்.
மூன்று நடை டாடா ஏஸில் வந்து இறங்கின
சமையல்மேடை ஆகாத துண்டுகள்,
படிக்கட்டு ஆகாத துண்டுகள்,
கூடவே ஒரு கல்வெட்டு.
ஏதோ ஒரு சமுதாயக் கூடத்துக்குச் செதுக்கியது.
பெயர்கள் சரி, தேதி சரி,
தலைப்பில் மட்டும்
"திறப்பு விழ."

ஒரு கால் குறைந்ததற்கு
மூன்று நாள் கூலி பிடித்தார்களாம்
செதுக்கிய பையனுக்கு.

நாலு பக்கமும் கல் நிறுத்தினோம்.
எழுத்து வெளியே பார்க்கட்டும்,
உள்ளே வைத்தால் வெண்டைக்காய்
தப்பாகப் படித்துக்கொள்ளும் என்றான்.
நீளம் எட்டு, அகலம் மூன்றரை,
எந்தப் பக்கம் நின்றாலும் கைக்கு நடு எட்டும்.
உயரம் ஒன்றேகால்.
அடியில் தென்னைமட்டை, சோளத்தட்டு,
அரை யூனிட் செம்மண்,
ஷம்ஷாத் வீட்டு ஆட்டுப்புழுக்கை,
நான் சீசனுக்குப் போகும் கூழ் ஆலையிலிருந்து
பாதி மக்கிய மாம்பழத்தோல் ஆறு மூட்டை.
முதல் மழைக்கே
எல்லாம் மூன்று விரல் அமுங்கியது.
மறுபடி கொட்டினோம்.
மண்ணும் பெருமூச்சு விட்டு உட்காரும் என்று
யாரும் சொல்லியிருக்கவில்லை.

தண்டங்கீரை விதைத்தேன்.
மாமரம் முளைத்தது.
ஒன்றல்ல, முப்பத்தேழு.
தோலோடு கொட்டையும் கலந்து வந்ததை
நான் கவனிக்கவில்லை.
செம்புநிறத் தளிர்கள்,
விடை தெரிந்த வகுப்பு மொத்தமும்
கை தூக்கினதுபோல.

ஒரு ஷிப்டுக்கு ஆயிரக்கணக்கில்
பெங்களூராக் கொட்டைகள் என்னைத் தாண்டிப் போகும்.
கையுறை வழுக்கும். முகம் பார்க்க நேரமில்லை.
இப்போது அவை நின்று
என்னைப் பார்த்தன.

கீரைக்கு இந்த மண் தாராளம்.
தக்காளிக்குப் போதும்.
முள்ளங்கி கொஞ்சம் குனிந்து வளரும்.
மாமரத்துக்கோ யானைப் பசி, இது சோளப்பொரி.
ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.

கடைசிக்கு முந்தினது வரவில்லை.
மண்ணை விலக்கி விரல் விட்டால்
வேர் நேராக இறங்கி
பாறையைத் தொட்டு
யோசித்த இடத்தில் சற்றுத் தடித்து
வளைந்து
மேலே திரும்பியிருந்தது.
ஈரத்தோடு அதைத் தலைகீழாகப் பிடித்து
"ழ"வுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
துணைக்கால்.

திம்மராயன் எட்டிப் பார்த்தான்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
"அந்தப் பையனுக்குக் காட்டணும்" என்றான்.
பையன் வேலையை விட்டு ஓசூர் போய்
பத்து நாள் ஆகியிருந்தது.
வேர் படியிலேயே காய்ந்தது.

மார்கழியில் தக்காளி பழுத்தது.
அதே வாரம் ராயக்கோட்டை மண்டியில்
கிலோ நாலு ரூபாய்க்கு விழுந்தது விலை.
மண், வண்டி, ஆள்கூலி எல்லாம் கூட்டி
எங்கள் பழம் ஒன்று என்ன விலை என்று
ஷம்ஷாத் கணக்குப் போட்டாள்.
போடட்டும்.
ரசத்தில் அவளுக்கும் ஒரு கிண்ணம் போனது.

கடைசிக் கன்றை நான் இன்னும் பிடுங்கவில்லை.
கத்தரிக்கு இடைஞ்சலாக
ஏழு இலையோடு நிற்கிறது.
அதன் அடியில் விரிசல் இருக்கலாம்.
எல்லா இடத்திலும்
கடப்பாரை போட்டுப் பார்த்துவிட்டோமா என்ன.